பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

உலா என்னும் பிரபந்தம் பாடிய நம் புலவர்கள், தலைவன் வீதியில் பவனி வருங்கால் அவனைக் கண்டு மயங்கும் மகளிரை ஏழு பருவத்தினராக வகுத்து, பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெயரிட்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய விளையாட்டையும் பேச்சையும் உள்ளத்தின் போக்கையும் விஸ்தாரமாக வருணித்திருக்கிறார்கள். பாட்டியல் நூல்கள் இப்பருவங்களுக்கு வயதுக் கணக்கும் தருகின்றன. நூலுக்கு நூல் அக்கணக்குச் சிறிது வேறுபட்டாலும், ஐந்து வயதளவில் பேதை தொடங்குகிறாள், நாற்பதளவில் பேரிளம்பெண் முடிகிறாள் என்று பொதுவாகச் சொல்லலாம். நாற்பத்தோராவது வயதில் அந்தப் பெண் என்ன ஆகிறாள் என்ற கேள்விக்கு உலாவில் விடை கிடையாது. உலாவின் விஷயம் காதலாதலால் அங்கே விடை தேடுவதே அநியாயம் என்று ஒருவர் சொல்லக்கூடும்.

ஆயினும் வாழ்க்கையைப் பருவங்களாகப் பிரித்து எழுதிய ஏனையோரும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் எழுத்தாணியைக் கீழே வைத்திருக்கிறார்கள். ஆசிரம தர்மம் ஆடவனுக்குப் பிரமசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நான்கு நிலைகளை வகுத்து, பின்னிரண்டிலும் ஆன்ம விசாரத்துக்கு இடம் வைத்தது. மனைவியைப் பற்றியோ, அவன் வனம் ஏகும்போது உடன் செல்லலாம், இல்லையேல் புதல்வரிடத்தில் தங்கலாம் என்பதற்கு மேல் அது அதிகமாகச் சிந்திக்கவில்லை. மேல்நாட்டில் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் வெளியிட்ட மனோதத்துவப் பெருநூலில், பெரும்பாலோருடைய சுபாவம் முப்பது வயதுக்குள் இறுகிவிடுகிறது என்று எழுதினார். நமது அரசாங்கம் 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியபோது, எழுத்தறிவிக்கப்பட வேண்டியவர்கள் 15 வயது முதல் 35 வயது வரை உள்ளவர்கள் என்று வரையறை செய்தது. பணம் குறைவு, ஆட்கள் குறைவு, ஆகவே உழைப்பும் பிள்ளைப்பேறும் மிகுந்த பிராயத்தை முதலில் கவனிப்போம் என்ற எண்ணம் அதில் இருந்திருக்கலாம். அந்த எண்ணத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் முப்பத்தாறு வயதுக்காரியின் காதில் அது வேறுவிதமாக ஒலித்திருக்கும்.

மனிதன் முழு வளர்ச்சி அடைந்த பிறகும் வளர்கிறானா என்பதை மனோதத்துவம் மிகவும் தாமதமாகவே ஆராயத் தொடங்கிற்று. குமாரப் பருவத்தைப் பற்றி 1904-ல் பெருநூல் எழுதிய ஸ்டான்லி ஹால், தாமே எழுபதைக் கடந்த பிறகு, 1922-ல்தான் முதுமையைப் பற்றிய நூலை வெளியிட்டார். 1928-ல் எட்வர்ட் தார்ன்டைக், வயது வந்தவர்களுக்குப் பல வகைப் பாடங்களைக் கற்பித்து அளந்து பார்த்து, இருபத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் கற்கும் திறன் ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவே குறைகிறது என்ற முடிவுக்கு வந்தார்; அவர் கருத்துப்படி பெரியவர்கள் கல்லாமைக்கு மூளையைக் காட்டிலும் கற்க நினையாமையே பெரிய காரணம். எரிக் எரிக்சன் 1950-ல் மனித வாழ்வை எட்டு நிலைகளாகப் பிரித்து, அவற்றுள் கடைசி மூன்றையும் வயது வந்தவர்களுக்கே ஒதுக்கினார். நம் நாட்டு மனோதத்துவ அறிஞரான சுதிர் கக்கர் 1968-ல் அந்த எட்டு நிலைகளையும் நமது ஆசிரமங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். இவையெல்லாம் பெரும்பாலும் படித்த மேல்வகுப்பு ஆடவரை மனத்தில் கொண்டு எழுந்த சிந்தனைகள். கல்லுடைக்கும் பெண்ணொருத்தி நாற்பது வயதில் புதிதாக ஒன்றைக் கற்றால் அவளுக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிய வேண்டுமானால், நாம் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும்.

தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச்சில் இந்திய யூனியனோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாகக் கால் நூற்றாண்டு கழித்து, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமான புதுக்கோட்டை, வளம் மிகுந்த தஞ்சைத் தரணியை ஒட்டியே கிடந்தும் அந்த வளத்தில் பெரும்பங்கு பெறாத பூமி. கல்லணைக் கால்வாயின் கடைசி நீர் அறந்தாங்கிப் பக்கம் சிறிது எட்டிப் பார்க்கிறது. மற்ற இடங்களில் கண்மாயும், குளமும், வானத்தை நம்பிய புன்செய்யும்தான். குடுமியான்மலையில் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பாறையில் வெட்டிய சங்கீதக் கல்வெட்டு இருக்கிறது. சப்த ஸ்வரங்களின் கோவைகளைப் பொறித்த அந்த எழுத்தைப் படிக்க உலகெங்குமிருந்து வித்துவான்கள் வருகிறார்கள். அதே குடுமியான்மலைச் சுற்றுவட்டாரத்துக் குவாரிகளில் கல் உடைத்துப் பிழைத்த ஸ்திரீகளில் பலருக்கு, 1990 வரையில், தம் பெயரை எழுதத் தெரியாது. கல்லில் எழுத்து அவர்கள் கண்முன்னே இருந்தது, கையில்தான் வரவில்லை.

1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட பிறகு, அதே முறையைப் பல மாவட்டங்கள் பின்பற்றின. தமிழ்நாட்டில் அதற்கு அறிவொளி இயக்கம் என்று பெயர். புதுக்கோட்டையில் அது 1991-ல் சூடு பிடித்தது. மாவட்டக் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும், அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும், ஆசிரியர்களும், சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்களும் அதில் இறங்கினார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராக நாடகம் போட்டன. மூன்று வாசகப் புத்தகங்கள், ஏறக்குறைய இருநூறு மணி நேரம், நிமிஷத்துக்கு முப்பது சொல் வாய்விட்டுப் படிப்பது, சொல்லச் சொல்ல நிமிஷத்துக்கு ஐந்து சொல் எழுதுவது, ஒன்று முதல் நூறு வரை எண்கள் என்று டில்லியில் வகுத்த திட்டம் சுருக்கமானது. ஆனால் அதை நடத்திய முறையில் மனோதத்துவ நூல்கள் கவனிக்க வேண்டிய ஒரு விசித்திரம் இருந்தது. கற்பித்தவள் பெரும்பாலும் பள்ளியிறுதியோடு வீட்டிலிருந்த இளம் பெண்; கற்றவள் அவளுக்கு அத்தை முறையோ சித்தி முறையோ ஆகவேண்டியவள். வயதும் உறவும் ஒரு பக்கம் உயர்த்த, எழுத்து மறுபக்கம் உயர்த்த, இருவரும் ஒரே திண்ணையில் ஒரே விளக்கடியில் உட்கார்ந்தார்கள். அத்தையின் கையைப் பிடித்து எழுதவைப்பதில் அந்தப் பெண்ணுக்கு இருந்த கூச்சமும், தன் மகள் வயதுப் பெண்ணிடம் தப்பாக எழுதிக்காட்டுவதில் அத்தைக்கு இருந்த கூச்சமும் எந்த வாசகத்திலும் பாடமாக இல்லை. ஆனால் முதல் வாரங்களில் அந்தக் கூச்சமே பெரிய பாடமாக இருந்திருக்க வேண்டும்.

சைக்கிள் இதனோடு வந்து சேர்ந்தது கலெக்டரின் யோசனையால். தொண்டர்களான பெண்கள் உட்கிராமங்களுக்குப் போய்வர வாகனம் வேண்டியிருந்தது. பஸ் எப்பொழுது வரும் என்று காத்திருந்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டிய பெண், பிறர்க்கு எப்படிக் கற்பிக்க முடியும்? ஆகவே நடமாட்டமும் எழுத்தறிவின் ஓர் அங்கமாயிற்று. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் தருமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. இயக்கத்துப் பெண்களுக்கென்று யூனிசெப் ஐம்பது மொபெட்டுகள் வழங்கிற்று. ஆனால் விஷயம் தொண்டர்களோடு நிற்கவில்லை. விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், கிராம சுகாதார நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள், கல் பட்டை தீட்டுவோர், சத்துணவு ஆயாக்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத், பின்னர் 1996-ல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளபடி, ஒன்றரை ஆண்டுக் காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். எழுபதினாயிரம் பேருக்கு மேல் தாம் கற்றதைப் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள். 1992-ம் ஆண்டு மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் ஓட்டி வந்தார்கள். அந்த ஆண்டிலேயே மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. சாய்நாத்தின் அந்தக் கட்டுரையை வடநாட்டுப் பிள்ளைகள் ஹிந்திப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறார்கள்.

பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள் என்றும், குறுக்கே போகும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். இவ்வளவு பாரத்தோடு தம் உடம்பின் சமநிலையை முப்பத்தைந்து, நாற்பது வயதில் புதிதாகக் கற்ற பெண்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வாசகர் மனத்திலிருத்த வேண்டும். நம் ஊர்களில் பையன்கள் எட்டு, பத்து வயதில் வாடகைச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டு, விழுந்து முழங்கால் தேய்ந்து கற்பார்கள். விழுவதற்கு அந்த வயதில் அனுமதி உண்டு. பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் நடுத்தெருவில் சேலையோடு விழுவதற்கு யார் அனுமதி தருவார்?

சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த பெர்னிஸ் நியூகார்ட்டன் 1960-களில் இதற்குச் சமூகக் கடிகாரம் என்று பெயரிட்டார். எந்த வயதில் கல்யாணம், எந்த வயதில் பிள்ளை, எந்த வயதில் எந்த நிறப் புடவை, எந்த வயதுக்குமேல் உரக்கச் சிரிக்கக்கூடாது என்று ஊர் ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்கு முந்தியோ பிந்தியோ நடப்பவரைக் கேலியும் முணுமுணுப்பும் திருத்துகின்றன. அந்த அம்மையார் கண்ட மற்றொரு விஷயம் இன்னும் முக்கியமானது: இந்த விதிகளைப் பிறர் கடுமையாக நம்புகிறார்கள் என்று எண்ணிய அளவுக்குத் தாங்கள் நம்பவில்லை என்றே பலர் சொன்னார்கள். அதாவது ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயந்து நிற்கிறார்கள். அவ்வாறாயின், ஒருத்தி மட்டும் விதியை மீறினால் அவள் பைத்தியக்காரி. ஊருக்கு இருபது பேர் ஒரே நாளில் மீறினால் விதியே இல்லை. புதுக்கோட்டையில் கெட்ட வார்த்தை பேசிய ஆண்கள் இருந்தார்கள் என்று சாய்நாத் எழுதுகிறார். அவர்களுடைய பேச்சு எடுபடாமற் போனதற்குக் காரணம் கற்றவர்களின் எண்ணிக்கை. அரசாங்கத்தின் கலெக்டரே முன்னிற்கிறார் என்ற செய்தியும் வீட்டிலுள்ளவர்களின் வாயை ஓரளவு அடைத்திருக்கும். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் விளக்கிய சுயதிறன் நம்பிக்கை என்னும் கருத்தும் இங்கே பொருந்துகிறது. என்னால் முடியும் என்ற நம்பிக்கை உபதேசத்தால் வருவது சொற்பம். தான் செய்து வெற்றி கண்டதாலும், தன்னைப் போன்றவள் ஒருத்தி செய்வதைக் கண்ணால் கண்டதாலும் வருவதே அதிகம். எழுத்துக் கற்பவளின் வெற்றி கொஞ்சங் கொஞ்சமாக, அவளுக்கே தெரியாமல் நிகழ்கிறது. நேற்றைவிட இன்று எத்தனை எழுத்து கூடிற்று என்பதைத் தொண்டர் சொன்னால்தான் உண்டு. சைக்கிளில் சமநிலையோ ஒரு கணத்தில் வந்துவிடுகிறது. பின்னால் பிடித்திருந்த கை விட்டுவிட்டது என்பதைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அறிகிறாள். அவள் மட்டுமல்ல, தெருவே பார்த்துவிடுகிறது. குடுமியான்மலைக் குவாரிகளில் பெண்கள் ஒருவருக்கொருவர் கற்பித்தார்கள் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. என் எண்ணத்தில், அறிவொளி இயக்கத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்களைத் திண்ணைக்குக் கொண்டுவந்த தைரியம் வாசகத்திலிருந்து பிறந்ததைவிட வீதியிலிருந்து பிறந்ததே அதிகம்.

எழுத்துக்குத் தனியாக ஒரு சக்தி உண்டா என்ற விவாதம் பழையது. ருஷ்ய அறிஞர் லூரியா 1931, 1932-ம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானத்துக் கிராமங்களுக்குப் போய், எழுத்தறியாத குடியானவர்கள் தம் அனுபவத்தில் வராத பொருளைப் பற்றி அனுமானம் செய்ய மறுத்ததையும், சிறிது காலம் கல்வி பெற்றவர்கள் அதை எளிதில் செய்ததையும் கண்டு, எழுத்து சிந்தனையின் அமைப்பையே மாற்றிவிடுகிறது என்றார். அதன்பின் சில்வியா ஸ்கிரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவில் வை என்னும் இனத்தாரிடையே ஆராய்ந்தார்கள். வை மக்களுக்குச் சொந்த லிபி உண்டு, அதைப் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே கற்கிறார்கள். பள்ளியையும் எழுத்தையும் இவ்வாறு பிரித்துப் பார்த்தபோது, எழுத்து மட்டும் தனித்து நின்று சிந்தனை முழுவதையும் மாற்றிவிடவில்லை, அந்த எழுத்தைக்கொண்டு மக்கள் என்ன வேலை செய்கிறார்களோ அந்த வேலைக்குரிய திறன்களையே கூட்டுகிறது என்பது 1981-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு. எனக்கு இரண்டாவது முடிவே ஏற்புடையது. கல்லுடைப்பவள் தர்க்கம் அறியாதவள் என்று நம்ப நான் தயாராக இல்லை. கூலிக்கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் அவள் செய்யும் அனுமானங்களை எந்த மேஸ்திரியும் அறிவான்.

ஆனால் மூளையின் உறுப்பமைப்பில் நிகழ்வது வேறு விஷயம். ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் அவருடைய சகாக்களும் 2010-ல் பிரேஸில், போர்ச்சுகல் தேசத்தாரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, வயது வந்தபின் எழுத்துக் கற்றவர்களுடைய மூளையிலும், சிறுபிராயத்தில் கற்றவர்களைப்போலவே, எழுத்துருவை அறியும் பகுதி இடப்பக்கத்தில் உருவாகியிருப்பதைக் கண்டார்கள். 2017-ல் லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், பெரும்பாலும் முப்பது வயதளவில் இருந்த, எழுத்தறியாத பெண்களுக்கு ஆறு மாதம் ஹிந்தி படிக்கக் கற்பித்து, முன்னும் பின்னும் சோதித்த ஓர் ஆய்வு, மாறுதல் மூளையின் மேற்பரப்பில் மட்டுமன்றி, பரிணாமத்தில் மிகப் பழையனவான அடிப்பகுதிகளிலும் ஏற்படுகிறது என்று காட்டிற்று. ஆறு மாதம் என்பது அறிவொளி வாசகங்களின் காலத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே, அந்தத் திண்ணைகளில் நடந்தது அரசாங்கக் கணக்குக்கான கையெழுத்து மட்டும் என்று இகழ்வோர்க்கு, உடற்கூறு நூலே பதில் சொல்லும்.

கற்றது நின்றதா என்பது அடுத்த கேள்வி. 1992-ல் முழு எழுத்தறிவு பெற்றதாகச் சொல்லப்பட்ட மாவட்டத்தில், 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எழுபத்தேழு பேர். பத்தொன்பது ஆண்டுகளில் இருபத்துமூன்று பேர் எங்கே மறைந்தார்கள் என்று கேட்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முழு எழுத்தறிவு என்ற அறிவிப்பு குறிப்பிட்ட வயதினரைப் பற்றியது. ஜனத்தொகைக் கணக்கு ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும், வரம்புக்கு அப்பால் விடப்பட்ட முதியவர்களையும் சேர்த்துக்கொள்வது. இரண்டாவது விஷயம் மறதி. ஹாரி பாரிக் என்பவர் பள்ளியில் ஸ்பானிய மொழி கற்றவர்களை ஐம்பது ஆண்டு இடைவெளி வரை சோதித்து 1984-ல் கண்டது என்னவென்றால், முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளுக்குள் கற்றதில் பெரும்பங்கு போய்விடுகிறது. அந்தச் சல்லடையைத் தாண்டி எஞ்சியது பல பத்தாண்டுகள் போகாமல் நிற்கிறது. முதலில் ஆழமாகக் கற்றவர்களுக்கே அவ்வாறு எஞ்சுகிறது. இருநூறு மணி நேரம் கற்று, பிறகு வீட்டில் படிக்கக் காகிதமே இல்லாதவள் அந்த ஆறு ஆண்டுகளை எப்படித் தாண்டுவாள்? சைக்கிள் அப்படியல்ல. உடம்பின் பழக்கமாகப் படியும் நினைவு வேறு, சொல்லாகவும் செய்தியாகவும் படியும் நினைவு வேறு என்பதை, நினைவிழந்த நோயாளி ஒருவரைக்கொண்டு பிரெண்டா மில்னர் 1962-ல் நிரூபித்தார். புதிய செய்தி எதையும் மனத்தில் இருத்த இயலாத அந்த மனிதர், கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் கைவேலையில் நாளுக்கு நாள் தேறினார், நேற்றுச் செய்தோம் என்ற நினைவே இல்லாமல். புதுக்கோட்டைப் பெண்கள் ஒரே சமயத்தில் இரண்டு வகை நினைவுகளிலும் முதல் போட்டார்கள். ஒன்றைத் தண்ணீர்க் குடம் தினந்தோறும் புதுப்பித்தது. மற்றொன்றைப் புதுப்பிக்க நூலகமும், பத்திரிகையும், எழுதவேண்டிய கடிதமும் தேவைப்பட்டன. பின்தொடர் கல்வி என்று ஒரு திட்டம் காகிதத்தில் இருந்தது. முதல் இயக்கத்தின் உற்சாகம் அதற்கு வாய்க்கவில்லை.

இன்று அறுபதைக் கடந்தவர்களையும் இருபது வயதினரையும் ஒரே நாளில் நிறுத்திப் பரீட்சை வைத்தால், முதியவர்களின் மதிப்பெண் தாழ்ந்தே இருக்கும். அதைக் கண்டு வயதினால் புத்தி மழுங்கிற்று என்று முடிவு கட்டுவது, மனோதத்துவ உலகமே நெடுங்காலம் செய்த பிழை. வார்னர் ஷாயி 1956-ல் சியாட்டில் நகரில் தொடங்கி, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே மனிதர்களைத் திரும்பத் திரும்பச் சோதித்து இதை வெளிப்படுத்தினார். வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிட்டால் முப்பதிலேயே இறக்கம் தெரிகிறது. ஒரே மனிதரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தால் பெரும்பாலான திறன்கள் அறுபது வரையில் நிலைத்து நிற்கின்றன. வித்தியாசம் வயதினால் வந்ததன்று. பிறந்த காலத்தினால் வந்தது. புதிய சிக்கலை விரைவாக அவிழ்க்கும் புத்தி இளமையிலேயே உச்சமடைந்து தளர்கிறது, சேர்த்துவைத்த அறிவால் இயங்கும் புத்தியோ நெடுநாள் வளர்கிறது என்று ரேமண்ட் கேட்டல் செய்த பாகுபாடும் இங்கே நினைக்கத்தக்கது. ஆயினும் சேர்த்துவைக்க ஒருவருக்குச் சந்தர்ப்பம் இருந்ததா என்பதை அந்தப் பாகுபாடு கேட்பதில்லை.

பிறந்த காலம் என்ன செய்யும் என்பதற்கு இதே புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30-ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியைவிட நல்ல சாட்சி இல்லை. அவருடைய தலைமுறையில் அந்தச் சமஸ்தானத்துப் பெண்கள் அநேகமாக எல்லோரும் எழுத்தறியாமலே மூப்படைந்தார்கள். தந்தை கல்லூரி முதல்வராக இருந்ததும், மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதைப் பலர் எதிர்த்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததும் ஆகிய இரண்டும் வாய்க்க, ஒரே ஒரு கதவு திறந்தது. 1912-ல் டாக்டர் பட்டம்; பிறகு சட்டசபை; 1930-ல் ஔவை இல்லம்; தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் நெடுநாள் உள்ளே கிடந்து, 1954-ல், அறுபத்தெட்டாம் வயது நடக்கும்போது, அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. அடுத்த தலைமுறைக்காக ஒன்றை ஆக்கிவைக்கும் நாட்டத்தை நடுவயதின் நிலையாக எரிக்சன் வைத்தார். அதன்பின் வரும் கடைசி நிலை, கடந்ததை ஒப்புக்கொண்டு அமைதி கொள்வது. முத்துலட்சுமி அம்மையார் கடைசி நிலைக்குரிய வயதில் முந்திய நிலையின் வேலையையே செய்துகொண்டிருந்தார். நிலைகளின் வரிசையை மிகவும் நம்புவோர் இப்படிப்பட்ட வாழ்க்கைகளை அடிக்கடி புரட்டிப் பார்ப்பது நல்லது.

கடந்ததை நினைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தடியூன்றித் தளர்ந்த காலத்தில், இளமையில் மருத மரக்கிளை ஏறி நீரில் பாய்ந்ததை எண்ணி இரங்கிய புறநானூற்றுப் புலவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே நாம் அறிகிறோம். முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே மிகுதியாகத் திரளுகின்றன என்று டேவிட் ரூபின் முதலியோர் 1986-ல் கண்டறிந்தார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக நிகழ்பவை அந்தப் பருவத்தில் நிறைந்திருப்பது அதற்கு ஒரு காரணம். முப்பதுக்கு மேல் தேசம் விட்டுத் தேசம் குடியேறியவர்களுக்கோ அந்தத் திரட்சி குடியேறிய காலத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அப்படியானால் 1991-ல் முப்பத்தெட்டு வயதில் முதன்முதலாகத் தன் ஊர் எல்லையைத் தானே ஓட்டிக் கடந்தவளுக்கு, இன்று எழுபதைத் தாண்டிய நிலையில், நினைவின் மேடு எந்த வயதில் நிற்கும்? கல்யாணத்துக்கு முந்திய பருவத்தில் ஒன்றும், நாற்பதை ஒட்டி மற்றொன்றுமாக இரண்டு மேடுகள் இருக்கும் என்பது என் ஊகம். பேரப்பிள்ளைகள் பேச்சுவாக்கில் கேட்கவேண்டிய கேள்விதான் இது, ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

முதுமறதி நோயைக் கண்டுபிடிக்கும் பரீட்சைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1975-ல் அமெரிக்காவில் இயற்றப்பட்டு உலகெங்கும் பரவிய முப்பது மதிப்பெண் சோதனையில், ஒரு வாக்கியம் எழுதவேண்டும், அச்சிட்ட கட்டளையைப் படித்து அதன்படி செய்யவேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கவேண்டும். எழுத்தறியாத கிராமத்துக் கிழவி நல்ல புத்தியோடிருந்தும் அதில் தோற்றுப்போவாள். ஹரியானாவில் பல்லப்கர் என்னும் ஊரைச் சுற்றிய கிராமங்களுக்காக மேரி கங்குலி முதலியோர் 1995-ல் அதைத் திருத்தியமைத்து, எழுத்தும் பள்ளிக்கணக்கும் தேவைப்படாத கேள்விகளைப் புகுத்தினார்கள். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியின் குழுவினர் 2013-ல், 648 நோயாளிகளை ஆராய்ந்து, இரண்டு மொழி பேசுவோர்க்கு அந்நோய் சராசரி நாலரை ஆண்டு பிந்தி வருகிறது என்றும், எழுத்தறியாதவர்களிடத்திலும் அந்தப் பயன் தெரிகிறது என்றும் கூறினார்கள். மூளைக்குப் பயிற்சி பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் கிடைக்கிறது.

உடம்பு இடும் கோடு ஒன்றும் இல்லை என்று சொல்ல வரவில்லை. நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கிட்டத்து எழுத்து கலங்குகிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை அடையும் வெளிச்சம் இருபது வயதுக்காரருடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. பகலெல்லாம் கல்லுடைத்துவிட்டு, இரவில் அரிக்கேன் விளக்கடியில் வாசகத்தைத் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்கிய பெண்ணை, இவளுக்கு இனிமேல் ஏறாது என்று எத்தனை பேர் தவறாகக் கணித்திருப்பார்கள்! அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதான தொழிலாளர்களுக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது; கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு அளவு அதிகமாக இலை பறித்தார்கள், ஐம்பதைக் கடந்தவர்களிடம் பயன் அதிலும் கூடுதல். இப்போதைய வயது வந்தோர் கல்வித் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று சொல்லி, மேல்வரம்பை எடுத்துவிட்டது. எழுதுதல், படித்தல், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து நூற்றைம்பது மதிப்பெண்ணுக்குத் தேர்வும் வைக்கிறது. குன்னாண்டார்கோயிலிலோ கறம்பக்குடியிலோ ஒரு மையம் திறக்கும்போது, வாசகக் கட்டைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கண் பரிசோதனையும், ஒரு பெட்டி மூக்குக்கண்ணாடியும், நல்ல பிரகாசமுள்ள பல்பும் அங்கே வந்து சேர்ந்தால், மற்றக் காரியங்களை அந்தப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.